வினா எழவில்லை

சட்டசபைக் குறிப்புகளையோ பார்லிமெண்ட் பதில்களையோ எப்பவாவது படிச்சிருக்கீங்களா? நான் படிப்பேன். சில பேர் பழைய கிரிக்கெட் ஸ்கோர்கார்டை எடுத்து வெச்சுப் படிப்பாங்களே, அந்த மாதிரி. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச வாக்கியம் ஒண்ணு இருக்கு: "வினா எழவில்லை."

தெரியாதவங்களுக்காக ஒரு கற்பனை உதாரணம். உறுப்பினர் மூணு பாகமா கேட்பார். (அ) இந்த ஊரில் பாலம் கட்டும் திட்டம் அரசின் பரிசீலனையில் உள்ளதா? (ஆ) ஆம் எனில், எப்போது கட்டப்படும்? (இ) எவ்வளவு நிதி ஒதுக்கப்படும்? பதில் இப்படி வரும். (அ) இல்லை. (ஆ), (இ) வினா எழவில்லை. அவ்வளவுதான். ஒரே ஒரு "இல்லை"யில மூணு கேள்வியும் காலி.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுறவன். எங்க உலகத்திலும் இது உண்டு. கஸ்டமர் ஒரு குறையைப் பதிவு பண்ணுவார். ஒரு டீம் அதைத் திறந்து பார்த்துட்டு "இது எங்க மாட்யூல் இல்ல"ன்னு அடுத்த டீமுக்குத் தள்ளும். அவங்க "எங்க பக்கம் சரியாத்தான் ஓடுது"ன்னு எழுதி மூடிடுவாங்க. ரெண்டு டீமும் சொன்னது உண்மையாவே இருக்கலாம். ஆனா கஸ்டமர் வீட்டுல பிரச்சினை அப்படியே இருக்கும். மந்திரிகள் பதில்ல எனக்கு இருக்கிற கோபமும் இதேதான். அவங்க பொய் சொல்றாங்கன்னு நான் சொல்ல வரல. பெரும்பாலான பதில்கள் வரிக்கு வரி உண்மை. ஆனா அதை வெச்சு ஊர்ல ஒரு குழாயைக்கூட அடைக்க முடியாது.

அப்படின்னா கேள்வி நேரமே தண்டமா? இல்லீங்க. நான் சொல்ல வர்றது அதுக்கு நேர் எதிர். சபையில மந்திரியைக் கட்டிப்போட இருக்கிற ஒரே கயிறு கேள்விதான். ஆனா அந்தக் கயிறு முதல் கேள்வியில இல்ல, ரெண்டாவது கேள்வியில இருக்கு.

கொஞ்சம் விளக்கமா பார்ப்போம்.

லோக்சபாவில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாத கேள்விகள். குறைஞ்சது 15 நாள் முன்னாடியே எழுதிக் கொடுக்கணும். 150 வார்த்தைக்கு மேல போகக்கூடாது. நட்சத்திரமில்லாததுக்கு எழுத்துல பதில் வரும், கதை முடிஞ்சுது. நட்சத்திரக் கேள்விக்கு மந்திரி எழுந்து நின்னு வாயால பதில் சொல்லணும். அதுக்கப்புறம் கேட்டவர் துணைக் கேள்வி கேட்கலாம், மத்தவங்களும் கேட்கலாம். 20-ல நிஜமாவே வாயால பதில் கிடைக்கிறது பல நாள்ல நாலஞ்சுதான். மீதியெல்லாம் காகிதமா மேசைக்குப் போயிடும்.

முதல் கேள்விக்கான பதிலை மந்திரி எழுதுறதில்ல. பிரிவு அலுவலர் எழுதி, மேல மேல போய்த் திருத்தி, ஓட்டை எல்லாம் அடைச்சு வரும். 15 நாள் இருக்கே! ஆனா துணைக் கேள்வி என்னன்னு முன்கூட்டியே தெரியாது. அங்கதான் மந்திரிக்கு துறை தெரியுமா, கையில கொடுத்த காகிதம் மட்டும்தான் தெரியுமாங்கிறது வெளியில வரும்.

இதை வெள்ளைக்காரனே நல்லா புரிஞ்சு வெச்சிருந்தான். 1892 சட்டத்துல நம்ம ஆட்களுக்குக் கேள்வி கேட்கிற உரிமையைக் கொடுத்தான். துணைக் கேள்விக்கு மட்டும் அனுமதி இல்ல. அதுக்கு 1909 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. அப்பவும் முதல் கேள்வியைக் கேட்டவர் மட்டும்தான் துணைக் கேள்வி கேட்கலாம். மத்தவங்களும் கேட்கலாம்னு வந்தது 1919 சீர்திருத்தத்துக்கு அப்புறம். ஒரு சாம்ராஜ்யம் எந்தக் கதவை 17 வருஷம் பூட்டி வெச்சதுன்னு பாருங்க, எது ஆபத்தான கதவுன்னு தெரிஞ்சுடும்.

சுதந்திரத்துக்கு அப்புறம் அந்தக் கதவு நிஜமாவே திறந்த கதை ஒண்ணு இருக்கு. முந்த்ரா விவகாரம். 1957-ல எல்.ஐ.சி. ஹரிதாஸ் முந்த்ராங்கிற ஒருத்தரோட கம்பெனிகள்ல ஒண்ணேகால் கோடி ரூபாய்க்கு மேல பங்கு வாங்கியிருந்தது. அன்னிக்கு அது பெரிய பணம், அதுவும் பாலிசி கட்டின சாதாரண ஜனங்க பணம். விஷயம் லோக்சபாவில் கேள்வியாத்தான் கிளம்புச்சு. முதல் பதில்லயே எல்லாம் வந்துடல. விடாம திரும்பத் திரும்பக் கேட்டாங்க. பெரோஸ் காந்தி டிசம்பர்ல விவாதமாவே எழுப்பினார். அவர் எதிர்க்கட்சிக்காரர் இல்ல, ஆளுங்கட்சி எம்.பி., பிரதமர் நேருவோட மருமகன்! நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணைக் கமிஷன் வந்தது. 1958 பிப்ரவரியில நிதி அமைச்சர் பதவியை விட்டு விலகினார். அந்த நிதி அமைச்சர் நம்ம சென்னைக்காரர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி.

யோசிச்சுப் பாருங்க. முதல் பதிலை வாங்கிட்டு எல்லாரும் "சரிங்க ஐயா"ன்னு உட்கார்ந்திருந்தா, முந்த்ராங்கிற பேரே இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சிருக்காது.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். 2020 செப்டம்பர். கொரோனாவைக் காரணம் காட்டி மழைக்காலக் கூட்டத்தொடர்ல கேள்வி நேரத்தையே எடுத்துட்டாங்க. எழுத்துல கேட்டா எழுத்துல பதில் வரும், துணைக் கேள்வி கிடையாது. கேள்விக்கு இடம் கொடுத்துட்டு ரெண்டாவது கேள்வியை மட்டும் வெட்டி எடுத்தாங்க. 1892 ஞாபகம் வருதா?

அந்தக் கூட்டத்தொடர்ல ஊரடங்கின்போது இறந்துபோன புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர்னு கேட்டாங்க. தொழிலாளர் துறை அமைச்சர் சந்தோஷ் கங்வார் தரப்பு பதில்: அப்படி ஒரு தரவு வைத்திருக்கப்படவில்லை. நிவாரணம் கொடுத்தீங்களான்னா, அதனால வினா எழவில்லை. நாடே தலையில் அடிச்சுக்கிச்சு.

ஆனா அதே கூட்டத்தொடர்ல இன்னொண்ணும் நடந்தது, அதைப் பலர் கவனிக்கல. ராஜ்யசபாவில் டெரிக் ஓ'பிரையன் கேட்டதுக்கு ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல் கொடுத்த எழுத்து பூர்வ பதில்ல ஒரு எண் வந்தது. ஷ்ராமிக் சிறப்பு ரயில்கள்ல பயணம் செஞ்சப்போ செப்டம்பர் 9 வரைக்கும் 97 பேர் இறந்திருக்காங்க, மாநிலப் போலீஸ் கொடுத்த தகவல்படி.

அதே அரசாங்கம், அதே மாசம், அதே மாதிரி ஏழைத் தொழிலாளர்கள். ஒரு பதில் "தரவு இல்லை". இன்னொரு பதில் "97". வித்தியாசம் எங்க வந்துச்சு? முதல் கேள்வி நாடு முழுக்க விரிஞ்ச கேள்வி, யார் கணக்கு வெச்சிருக்கணும்னு அதுல பிடி இல்ல. ரெண்டாவது கேள்வி ஒரு குறிப்பிட்ட ரயில், ஒரு குறிப்பிட்ட துறை. ரயில்ல ஒருத்தர் இறந்தா போலீஸ் பதிவு இருந்தே ஆகணும். "எங்ககிட்ட இல்ல"ன்னு தப்பிக்க வழியில்ல. முதல் கேள்வியைக் கேட்டவங்க தப்பு பண்ணிட்டாங்கன்னு இதுக்கு அர்த்தமில்ல. அந்தக் கணக்கை வைக்காதது அரசோட தப்பு, சந்தேகமே இல்ல. ஆனா கேட்கிற முறையைப் பொறுத்து பதில் மாறுதுங்கிறதும் உண்மை.

சரி, இதுக்கும் வள்ளூர்ல இருக்கிற எனக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. நிறையவே இருக்கு.

எங்க ஊரை வெளியூர்க்காரங்களுக்கு அடையாளம் சொல்லணும்னா அனல் மின் நிலையம்னு சொல்லணும். 500 மெகாவாட் யூனிட் மூணு, ஆக மொத்தம் 1,500 மெகாவாட். மீஞ்சூர் தாண்டாத ஆளுக்குக்கூட அந்தப் புகைபோக்கி தெரியும். அது யாரோடது? பாதி மத்திய அரசு நிறுவனமான என்.டி.பி.சி.யோடது, பாதி தமிழ்நாட்டு மின்வாரியத்தோடது. அதுக்கு நிலக்கரி வர்றது எண்ணூர் காமராஜர் துறைமுகம் வழியா. அது மத்திய அரசோட பெரிய துறைமுகம், 2020-லேர்ந்து முழுசா சென்னைத் துறைமுகத்தோட கையில. பக்கத்திலேயே இருக்கிற காட்டுப்பள்ளி தனியார் துறைமுகம், அது மாநில அரசோட கடல்சார் வாரியத்துக்குக் கீழ வரும். மின் நிலையத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கிறது டெல்லி. தினசரி புகையையும் சாம்பலையும் கண்காணிக்க வேண்டியது சென்னையில இருக்கிற மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கொசஸ்தலை ஆறு மாநிலத்தோடது. அதுல வந்து சேர்ற பக்கிங்காம் கால்வாய் 2008-லேர்ந்து தேசிய நீர்வழி 4-ல ஒரு பகுதி. இதெல்லாம் போதாதுன்னு, எங்க பக்கம் திருவள்ளூர் எம்.பி. தொகுதி, எண்ணூர்ப் பக்கம் வட சென்னை தொகுதி.

தலை சுத்துதா? இதையெல்லாம் மனசுல வெச்சுக்கிட்டு ஒரு எம்.பி. "எண்ணூர்–வள்ளூர் பகுதியில் மாசு குறித்து அரசு என்ன நடவடிக்கை எடுத்துள்ளது?"ன்னு கேட்கிறதா நினைச்சுக்கோங்க. என்ன பதில் வரும்? "ஒப்புதல் நிபந்தனைகளைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைச் சார்ந்தது." சரின்னு நம்ம எம்.எல்.ஏ. கோட்டையில் எழுந்து கேட்டா? "அது மத்திய அரசு நிறுவனம், கடிதம் எழுதப்பட்டுள்ளது." ரெண்டும் உண்மை. ரெண்டு டீமும் டிக்கெட்டை மூடியாச்சு. மொட்டை மாடியில வடாம் காயப்போட்ட அம்மா மட்டும் சாம்பலைத் தட்டிக்கிட்டு இருக்காங்க.

இது கற்பனை பயம் இல்லீங்க. வரிசையா பாருங்க.

2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதிக்கிச்சு. ஒண்ணு வெளிநாட்டுக் கொடி பறக்கிற எரிவாயுக் கப்பல் பி.டபிள்யூ. மேப்பிள், இன்னொண்ணு இந்தியக் கப்பல் டான் காஞ்சிபுரம். எண்ணெய்க் கசிவெல்லாம் இல்லைன்னு முதல்ல துறைமுகத் தரப்புலேர்ந்து அறிக்கை வந்தது. அப்புறம் எர்ணாவூர் கரையில பசங்க பிளாஸ்டிக் பக்கெட்டுல கறுப்புக் கூழை அள்ளினதை உலகமே பார்த்துச்சு. துறைமுகம், கப்பல் துறை, கடலோரக் காவல் படை எல்லாம் டெல்லி. கரையும் மீனவர் நிவாரணமும் சென்னை. கப்பல் வெளிநாடு.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் மழையோட மணலிப் பக்கத்திலேர்ந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்தது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. மணலி சி.பி.சி.எல். சுத்திகரிப்பு நிலையம் மத்திய அரசு நிறுவனத்தோட துணை நிறுவனம். விசாரிச்சது மாநில வாரியம். கடைசியில எல்லாரையும் ஒரே அறையில உட்கார வெச்சுக் கேள்வி கேட்டது எந்தச் சபையும் இல்ல, பசுமைத் தீர்ப்பாயம்.

2025 செப்டம்பர் 30. எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிஞ்சு 9 தொழிலாளர்கள் இறந்தாங்க. பெரும்பாலும் அசாம் பக்கத்திலேர்ந்து வந்தவங்க. திட்டம் மாநில மின் நிறுவனத்தோடது, கட்டுறது மத்திய அரசோட பெல் நிறுவனம், வேலை பார்த்தவங்க ஒப்பந்தத் தொழிலாளர்கள், சொந்த ஊர் வேற மாநிலம். நிவாரணம் ரெண்டு அரசும் அறிவிச்சது. நல்லதுதான். ஆனா அந்த உயரத்துல அன்னிக்குப் பாதுகாப்புக்குப் பொறுப்பு யாருங்கிற கேள்வியை எந்தச் சபையில கேட்கணும்?

நிவாரணம் கொடுக்க ரெண்டு பேர் வருவாங்க. பதில் சொல்ல ஒருத்தர் வரணும்னாதான் "அது அவங்க துறை."

உள்ளூர் நிர்வாகத்திலேயே இப்படின்னா, வெளியுறவுன்னு வந்தா இன்னும் மோசம். தமிழனுக்கு இதுல கச்சத்தீவை விடப் பெரிய பாடம் கிடையாது.

1974 ஜூன்ல இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டாங்க. ஜூலை 23-ம் தேதி வெளியுறவு அமைச்சர் சுவரண் சிங் லோக்சபாவில் அறிக்கை வெச்சார். மீன்பிடி, வழிபாடு, கப்பல் போக்குவரத்து உரிமைகள் எல்லாம் எதிர்காலத்துக்கும் முழுசா பாதுகாக்கப்பட்டிருக்குன்னு சொன்னார். இரா.செழியன், மூக்கையா தேவர் மாதிரி தமிழ்நாட்டு உறுப்பினர்கள் கடுமையா எதிர்த்தாங்க, வெளிநடப்பு செஞ்சாங்க.

இங்க ஒரு விதியைத் தெரிஞ்சுக்கணும். லோக்சபா விதி 372. அமைச்சர் தானா முன்வந்து அறிக்கை வெச்சா, அந்த நேரத்துல கேள்வி கேட்கக்கூடாது! எதிர்க்கலாம், கத்தலாம், வெளிய போகலாம். "ஐயா, ஒப்பந்தத்தோட 5-வது பிரிவுல மீனவர்களும் யாத்ரீகர்களும் தீவுக்கு வந்து போகலாம்னுதான் இருக்கு. அங்க மீன் பிடிக்கலாம்னு எந்த வரியில இருக்கு?"ன்னு அந்த நிமிஷமே கேட்டு ஆமா இல்லைன்னு பதில் வாங்க விதியில இடமில்ல.

அடுத்து என்னாச்சு? 1976 மார்ச்ல ரெண்டு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கிட்டாங்க. இந்திய மீனவர்களும் படகுகளும் இலங்கைக் கடல் பகுதியில மீன்பிடிக்கக் கூடாது. அப்போ நெருக்கடி நிலை, தமிழ்நாட்டு அரசையும் ஜனவரி 31-ல கலைச்சாச்சு. கேட்க வேண்டிய சட்டசபையே இல்ல. முதல்ல கேள்வி கேட்க முடியாத ஒரு அறிக்கை, அப்புறம் அதை ஒண்ணுமில்லாம ஆக்கின ஒரு கடிதம். "முழுசா பாதுகாக்கப்பட்டிருக்கு"ன்னு சபையில சொன்ன உறுதியோட ஆயுள் ரெண்டு வருஷம்கூட இல்ல.

இதுல எந்தக் கட்சியும் யோக்கியம்னு சொல்ல மாட்டேன். 2013-ல காங்கிரஸ் கூட்டணி அரசு, இந்தியாவுக்குச் சொந்தமான நிலம் எதையும் விட்டுக்கொடுக்கலன்னு உச்ச நீதிமன்றத்துல சொன்னது. 2015-ல பா.ஜ.க. அரசு காலத்துல தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டதுக்கும் வெளியுறவுத் துறை கிட்டத்தட்ட அதே பதிலைத்தான் கொடுத்தது. 2024-ல தேர்தல் வந்ததும் "காங்கிரஸ் தாரை வார்த்துடுச்சு"ன்னு பேச்சு மாறிடுச்சு. அந்த ஏப்ரல் 1-ம் தேதி பத்திரிகையாளர் சந்திப்புல அமைச்சர் ஜெய்சங்கர் ஒரு கணக்கு சொன்னார். 20 வருஷத்துல இலங்கை பிடிச்சு வெச்சது 6,184 மீனவர்கள், 1,175 படகுகள். அடுத்து என்ன செய்யப்போறீங்கங்கிறதுக்கு, வழக்கு உச்ச நீதிமன்றத்துல இருக்குன்னு பதில். நீதிமன்றத்துல இருக்கிறதைச் சபையில பேசக் கூடாதாம், பிரச்சாரத்துல மட்டும் பேசலாமாம்!

காசிமேட்டுல ஒரு விசைப்படகு என்ன விலைன்னு விசாரிச்சுப் பாருங்க. 1,175 படகுன்னா அத்தனை குடும்பங்களோட கடன்னு புரியும். இராமேஸ்வரத்துக்காரருக்கும் எண்ணூர்க்காரருக்கும் இதுல ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டு பேரோட கடலையும் பத்தி முடிவு எடுக்கிறவங்க எங்கேயோ இருக்காங்க. பதில் மட்டும் காகிதத்துல வரும்.

சட்டசபையையும் விட்டுட முடியாது. 2022 ஜனவரியிலேர்ந்து கேள்வி நேரத்தை நேரலையில காட்டுறாங்க. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டலாம். ஆனா பார்த்தவங்களுக்குத் தெரியும். துணைக் கேள்வி கேட்க எழுந்திருக்கிற உறுப்பினர், பேரவைத் தலைவருக்கு வணக்கம், தலைவருக்கு நன்றி, அவங்களுக்கு முன்னாடி இருந்த தலைவருக்குப் புகழ்னு ஆரம்பிச்சு, கடைசியில "எங்கள் தொகுதிக்கும் ஒரு பேருந்து நிலையம் அமைக்க அரசு ஆவன செய்யுமா?"ன்னு முடிப்பார். அமைச்சர் "நிதிநிலைமைக்கு ஏற்ப பரிசீலிக்கப்படும்"பார். எந்த ஆட்சியா இருந்தாலும் இதே திரைக்கதைதான், நடிகர்கள்தான் மாறுவாங்க :-) இது கேள்வியே இல்ல, மனு. மனு கொடுக்க ஆட்சியர் அலுவலகத்துல திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் இருக்கு. சபை எதுக்கு?

"கேள்வி நேரமே கூச்சல்ல போகுதே, இதுல ரெண்டாவது கேள்வி எங்க?"ன்னு நீங்க கேட்கலாம். நியாயம்தான். கூச்சல் போடறவங்களும் சும்மா போடல, விவாதத்துக்கு அனுமதி கிடைக்காததாலதான் போடறாங்கன்னும் சொல்லலாம். ஆனா கணக்குப் பாருங்க. கேள்வி நேரம் போச்சுன்னா யாருக்கு லாபம்? 20 கேள்வியும் எழுத்துப் பதிலா மேசைக்குப் போயிடும், மந்திரி ஒரு துணைக் கேள்விக்குக்கூட எழுந்திருக்க வேண்டாம். அமளியில ஒத்திவைப்புன்னு செய்தி வர்ற அன்னிக்கு நிம்மதியா வீட்டுக்குப் போறவர், பதில் சொல்ல வேண்டியிருந்த அந்த அமைச்சர்தான்.

சரி, குறை சொல்லியாச்சு. என்ன செய்யலாம்? எனக்குத் தோணுறது மூணு.

ஒண்ணு, "இது எங்க துறை இல்ல"ங்கிற பதிலோட கேள்வி சாகக்கூடாது. தகவல் உரிமைச் சட்டத்துல 6(3)னு ஒரு அருமையான பிரிவு இருக்கு. தப்பான அலுவலகத்துக்கு மனு போட்டா, அவங்களே அஞ்சு நாளுக்குள்ள சரியான அலுவலகத்துக்கு மாத்தி அனுப்பி, நமக்கும் தெரியப்படுத்தணும். எங்க ஏரியா சாம்பல் விஷயமா நான் போட்ட மனு ஒரு அலுவலகத்திலேர்ந்து இன்னொண்ணுக்கு இப்படித்தான் போச்சு. பதில் அரைகுறைதான், ஆனா யார் பொறுப்புங்கிறதாவது காகிதத்துல வந்தது. பத்து ரூபாய் கட்டின சாதாரண ஆளுக்கு இருக்கிற இந்த வசதி, பதினஞ்சு லட்சம் பேருக்குப் பிரதிநிதியா உட்கார்ந்திருக்கிற எம்.பி.க்கு மாநில எல்லையைத் தாண்டினா இல்ல. ரெண்டு அரசும் சரிபாதி பங்கு வெச்சிருக்கிற வள்ளூர் மின் நிலையம் மாதிரி இடத்துக்காவது, ஒரு அரசு மத்த அரசுகிட்டேர்ந்து தகவல் வாங்கிச் சேர்த்துதான் பதில் வைக்கணும்னு ஒரு வழக்கம் வரணும். லாபத்துல பாதி வாங்க முடியுதுல்ல, பதில்ல பாதி சொல்ல முடியாதா?

ரெண்டு, கொடுத்த வாக்கைத் துரத்தணும். "தகவல் சேகரிக்கப்பட்டு வருகிறது, மேசையில் வைக்கப்படும்"னு மந்திரி சொன்னா அது தப்பிக்கிற வாக்கியம் மாதிரி தெரியும். ஆனா விதிப்படி அது ஒரு உறுதிமொழி. மூணு மாசத்துல நிறைவேத்தணும். அதைக் கவனிக்கவே லோக்சபாவில் 1953-லேர்ந்து அரசு உறுதிமொழிக் குழு இருக்கு. நம்ம சட்டசபைக்கும் அதே பேர்ல குழு இருக்கு, மாவட்டம் மாவட்டமா ஆய்வுக்கு வருவாங்க. வரும்போது செய்தித்தாள்ல ஒரு மூலையில அறிவிப்பு வரும். ஊர்க்காரங்க பழைய பதிலோட நகலை எடுத்துக்கிட்டுப் போய் நின்னா, அந்தக் குழுவுக்கும் வேலை இருக்கும்.

மூணாவது நம்ம வேலை. நல்ல கேள்வி எழுதிக் கொடுக்கணும். எம்.பி.க்கு ஆயிரம் ஜோலி, அவருக்குக் கேள்வி எழுதித் தர உதவியாளர்கள் எத்தனை பேர் இருக்காங்க? "எண்ணூர் மாசு பற்றி"ன்னு மனு கொடுத்தா அவரும் "எண்ணூர் மாசு பற்றி"ன்னுதான் கேட்பார், பதிலும் அதே அளவுல வரும். அதுக்குப் பதிலா இப்படி எழுதிக் கொடுங்க: "வள்ளூர் அனல் மின் நிலையத்தின் சுற்றுச்சூழல் அனுமதியில் சாம்பல் குறித்து விதித்த நிபந்தனைகள் எவை, கடைசியாக அளித்த அரையாண்டு அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, அதில் எந்த நிபந்தனை நிறைவேறவில்லை?" அனுமதி கொடுத்தது டெல்லி. அரையாண்டு அறிக்கை அவங்களுக்குப் போகணும்னு விதி. "மாநிலத்தைக் கேளுங்க"ன்னு சொல்ல முடியாது. ரயில்ல எத்தனை பேர்னு கேட்ட மாதிரி, கதவை எல்லாம் முன்னாடியே சாத்திட்டுக் கேட்கிற கேள்வி இது.

அதோட துணைக் கேள்வியும் எழுதிக் கொடுங்க. "நிறைவேறவில்லை"ன்னு பதில் வந்தா அடுத்து என்ன, "நிறைவேறியது"ன்னு வந்தா அடுத்து என்ன. கோடு எழுதறவன் ரெண்டு பக்கமும் யோசிக்காம ஒரு நிபந்தனைகூட எழுத மாட்டான். இது எனக்குத் தெரிஞ்ச வேலை, உங்கள்ல பல பேருக்கும் தெரிஞ்ச வேலை. கேள்விகளும் பதில்களும் ரெண்டு சபையோட இணையதளத்திலேயும் இலவசமா கிடக்குது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போதும், உங்க தொகுதி எம்.பி. என்ன கேட்டார், என்ன பதில் வாங்கினார், அப்புறம் அதைத் துரத்தினாரான்னு பார்த்துடலாம்.

எங்க தெருவுல ஒரு பெரியவர், ஆத்துல இறால் பிடிச்சவர். இப்ப இறாலும் இல்ல, அவர் போறதும் இல்ல. "தம்பி, இன்னா கேட்டாலும் மேலேர்ந்து பதில் வந்துடுதுபா, ஆனா ஒண்ணும் வரமாட்டேங்குது"ன்னு ஒருநாள் சொன்னார். சபை நடவடிக்கையைப் பத்தி நான் படிச்ச எந்தப் புத்தகத்திலேயும் இதைவிடத் தெளிவா யாரும் எழுதல.

அடுத்த கூட்டத்தொடருக்குத் தேதி அறிவிச்சதும் மேல சொன்ன சாம்பல் கேள்வியை எங்க எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பப் போறேன், துணைக் கேள்விகளோட சேர்த்து. வள்ளூர், அத்திப்பட்டு, மீஞ்சூர்க்காரங்க யாராவது சேர்ந்துக்கிட்டா ஆளுக்கு ஒண்ணு எழுதலாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க உங்க எம்.பி.க்கு எழுதுங்க. ஒரே கேள்வி ரெண்டு தொகுதியிலேர்ந்து போகட்டும். "வினா எழவில்லை"ன்னு அப்பவும் சொல்றாங்களான்னு பார்த்துடுவோம்.